லோவெலின் எலும்புக்குத் திரும்பியவை

லோவெல் ஹாகன் மினசோட்டாவில் ஆயுசெல்லாம் மாடு கறந்தவர். உடம்பு எப்படி என்று யார் கேட்டாலும் மோசமில்லை என்பார். கொட்டகைக் கதவில் விரல் நசுங்கிய அன்றும் அதையேதான் சொன்னார். அந்தப் பக்கத்து ஆட்கள் எல்லாருமே அப்படித்தான், வாயைத் திறந்தால் குறைந்துவிடுவார்கள்! அவருக்கு எலும்பு மஜ்ஜையில் புற்றுநோய் வந்தது.

வைத்திய முறையைக் கேட்டதும் மனைவி ஆர்லிஸுக்குத் தலை சுற்றியது. முதலில் ஊசி போட்டு, இரத்தத்தை உண்டாக்கும் தாய்ச்செல்களை எலும்பிலிருந்து இரத்தத்துக்குக் கிளப்பினார்கள். ஓர் இயந்திரம் அவற்றை மட்டும் பிரித்துக்கொண்டு, மீதி இரத்தத்தை அவருக்கே திருப்பிக் கொடுத்தது. பிரித்ததை உறைய வைத்தார்கள். அடுத்து ஏற்றிய மருந்து லேசுப்பட்டதல்ல; புற்றோடு சேர்த்து மஜ்ஜையையும் துடைத்துவிடும். வாய் புண்ணாகாமலிருக்க ஐஸ் துண்டுகளை மெல்லச் சொன்னார்கள். வெளியே கிடக்கிற பனி போதாதா என்று லோவெல் முணுமுணுத்தார்.

கடைசியில், உறைய வைத்த அந்தச் செல்கள் இருந்த ஒரு சின்னப் பை. அவ்வளவுதான்! வெந்நீரில் இளக்கி, நெஞ்சிலிருந்த குழாய் வழியே இரத்தத்தில் விட்டார்கள். உறைய வைக்கும்போது சேர்த்த மருந்தின் வாடையில், அறை முழுக்க வேகவைத்த மக்காச்சோளம் மணந்தது. இரத்தத்தில் விட்டது எலும்புக்கு எப்படிப் போகும் என்று ஆர்லிஸ் கேட்டாள்.

"அதுங்களுக்கே வழி தெரியும்," என்றாள் நர்ஸ் மாரிட். "எப்படின்னு நெனச்சா எனக்கு இன்னும் புல்லரிக்குது."

இனி அவை மஜ்ஜையில் வேர்பிடிக்க வேண்டும். அதுவரை கிருமியை எதிர்க்க உடம்பில் வெள்ளையணுவே கிடையாது. ஒரு மத்தியானம் லோவெல் போர்வைக்குள் சுருண்டு கிடந்தார். கேட்டால், மோசமில்லையாம். ஆர்லிஸ் நெற்றியைத் தொட்டாள், அனலாய்க் கொதித்தது. காலையிலிருந்தே நடுக்கம், நர்ஸுகளுக்கு எதற்குத் தொந்தரவு என்று இருந்துவிட்டாராம். பாவி மனுஷன்!

"நீ செத்துப்போனா அது தொந்தரவு இல்லியா?" என்று கேட்டுக்கொண்டே அவள் மணியை அழுத்தினாள்.

மாரிட் ஓடி வந்தாள். மருந்து உடனே ஏறியது. ஆனாலும் காய்ச்சல் விட்டு விட்டு அடித்தது. காலைதோறும் இரத்தப் பரிசோதனை, வெள்ளையணு ஒன்றுகூட இல்லையென்று வெறுங்கையோடு வந்தது. ஆர்லிஸுக்குச் சோறு தண்ணீர் இறங்கவில்லை.

பிறகு ஒருநாள் சுவர்ப் பலகையில் மாரிட் ஒரு சின்ன எண்ணை எழுதினாள். மறுநாள் அது இரண்டு மடங்கானது. புது வெள்ளையணுக்கள்! போனவை போக வேண்டிய இடத்துக்கே போய், வேலையையும் தொடங்கிவிட்டிருந்தன.

லோவெல் அந்த எண்ணையே வெகுநேரம் பார்த்தார்.

"நான் ஒண்ணுமே செய்யலியே, ஆர்லிஸ்," என்றார். "சும்மா படுத்துத்தானே கெடந்தேன்."

ஆர்லிஸ் அவர் கையைப் பற்றிக்கொண்டாள். சூடு இறங்கியிருந்தது.