அக்கா எழுதிய செய்முறைப் பாடம்

என் அக்காவின் புருஷனை எனக்குப் பிடிக்காது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நடுவில் வந்து, இவள் ஒருதலைப்பட்சமாகப் பேசுகிறாள் என்று யாரும் குறை சொல்ல வேண்டாம். ஒருதலைப்பட்சமாகத்தான் பேசப் போகிறேன். அந்த மனுஷனை மாமா, மாமா என்று கூப்பிட்டு என் வாய் தேய்ந்ததுதான் மிச்சம். அவர் என்னைக் கூப்பிடுவது 'வண்டிக்காரி' என்று. நான் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவள். அதில் எனக்கு ஒரு வெட்கமும் இல்லை. ஆனால் அவர் வாயில் வரும்போது மட்டும் அது ஏதோ திருடி என்று சொன்ன மாதிரி கேட்கும்.

அக்கா ஒரு பல் டாக்டரிடம் வரவேற்பில் வேலை பார்க்கிறாள். பல் வலியோடு வருகிறவர்கள் யாரும் சிரித்துக்கொண்டு வருவதில்லை. கன்னத்தைப் பிடித்துக்கொண்டு எரிந்து விழுவார்கள். அக்கா அசரமாட்டாள். "மேல் பல்லா, கீழ் பல்லா? சூடா குடிச்சா வலிக்குதா, குளிர்ச்சியா குடிச்சாலா?" என்று கேட்டு எழுதிக்கொள்வாள். குழந்தைகள் வந்தால், உள்ளே என்ன சத்தம் கேட்கும் என்று முன்கூட்டியே சொல்லி அனுப்புவாள். "முதல்ல ஊய்னு ஒரு சத்தம் வரும். அப்புறம் தண்ணி சத்தம். அப்புறம் முடிஞ்சுது, இறங்கிடலாம்." சத்தம் வரப்போகிறது என்று தெரிந்துவிட்டால் குழந்தைகள் அவ்வளவாக அழுவதில்லை என்பது அவள் கண்டுபிடிப்பு.

வீட்டில் அவளுக்கு அப்படி முன்கூட்டிச் சொல்ல யாரும் இல்லை. மாமா லிஃப்ட் கம்பெனியில் பழுதுபார்க்கும் பிரிவுக்கு சூப்பர்வைசர். சாவியைக் காணோம் என்றால் கத்துவார். சாவி அவர் சட்டைப் பையில்தான் இருக்கும். அது கிடைத்ததும், முன்னாலேயே ஏன் சொல்லவில்லை என்று கத்துவார். டீ ஆறிவிட்டது என்று ஒரு கத்தல், ஆறவில்லை என்று ஒரு கத்தல். மூன்றாம் மாடியில் அவர் ஆரம்பித்தால் கீழே பால்காரர் சைக்கிளை நிறுத்தி மேலே பார்ப்பார். எல்லாக் கத்தலும் ஒரே இடத்தில்தான் போய் முடியும்: "உனக்கென்ன காது செவிடா?" வெளியூரில் வேலை பார்க்கும் அவர்கள் பிள்ளை, போனில் அப்பா குரல் கேட்டாலே 'அப்புறம் பேசுறேம்மா' என்று வைத்துவிடுவான். "நான் ஒரு நாளாவது கை நீட்டியிருக்கேனா?" என்று மாமா பெருமையடித்துக்கொள்வார், அதற்கு ஊரே சேர்ந்து மாலை போட வேண்டும் என்கிற மாதிரி.

என் வீட்டில் பின்பக்கம் ஒரு அறை இருக்கிறது. பழைய டயரும் கிழிந்த சீட் உறையும் போட்டு வைத்திருந்தேன். அதையெல்லாம் தூக்கி எறிந்து, சுண்ணாம்பு அடித்து, கட்டிலும் போட்டுவிட்டேன். "வந்துடுக்கா" என்று எத்தனை தடவை சொல்லியிருப்பேன்! "பார்க்கலாம்டி" என்பாள். இந்தப் 'பார்க்கலாம்' என்கிற வார்த்தையைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

இந்தச் சமயத்தில்தான் அவளுடைய டாக்டர் அவளை ஒரு மனோதத்துவப் படிப்பில் சேர்த்துவிட்டார், பயந்து வருகிறவர்களிடம் எப்படிப் பேசுவது என்று தெரிந்துகொள்ள. எல்லாம் போனிலேயே. பாடத்தைப் பார்க்க வேண்டியது, புனைபெயரில் எழுத வேண்டியது. கூடப் படிக்கிறவர்கள் நர்ஸ், ஆயா, பஸ் கண்டக்டர் என்று எங்கெங்கிருந்தோ வந்தவர்கள். யார் முகமும் யாருக்கும் தெரியாது. அக்கா 'காது' என்று பெயர் வைத்துக்கொண்டாள். கடைசியில் ஒரு செய்முறைப் பாடம். உங்களிடமோ, உங்கள் கூட இருக்கும் ஒருவரிடமோ ஒரு பழக்கத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஏதாவது ஒன்றை மாற்றிப் பாருங்கள். என்ன ஆயிற்று என்று எழுதி எல்லோரும் பார்க்கும் பக்கத்தில் போடுங்கள். அதோடு, மற்றவர்கள் எழுதியதில் மூன்றைப் படித்து, என்ன கற்றுக்கொண்டீர்கள், என்ன நினைக்கிறீர்கள் என்று கீழே எழுத வேண்டும். பாதி மதிப்பெண் அதற்குத்தானாம்.

"நான் உங்க மாமாவோட கத்தலை எடுத்துக்கிட்டேன்" என்றாள் அக்கா.

"எடுத்துக்கிட்டு? குப்பையில போடப் போறியா?"

"இத்தனை நாள் அவர் கத்தினா நான் ஓடிப்போய்ச் செஞ்சு கொடுத்தேன் இல்ல? அதனாலதான் கத்துறார்னு பாடத்துல இருக்கு. இனிமே கத்தினா பால்கனிக்குப் போயிடுவேன். மெதுவா கேட்டா அந்த நிமிஷமே பதில் சொல்லுவேன், கேட்டதைச் செய்வேன். இந்தப் படிப்பு முடியிற வரைக்கும் பார்க்கிறேன். குறைஞ்சா இருக்கேன். குறையலைன்னா உன் பின்ரூம்."

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. குழந்தை மாதிரி வளர்க்க வேண்டிய வயதிலா இருக்கிறார் அந்த ஆள்? ஆனாலும் முதல் தடவையாக அக்கா வாயிலிருந்து 'பின்ரூம்' என்று வந்ததே என்று பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன்.

ஆரம்பத்தில் கத்தல் இன்னும் மோசமானது. அக்கா பால்கனிக்குப் போனால் அவர் பால்கனிக் கதவைப் போட்டு உலுக்குவார். எதிர்வீட்டு அம்மா வந்து மணி அடித்து, "ஏங்க, ஏதாவது உடைஞ்சிடுச்சா?" என்று கேட்டுவிட்டுப் போனாள். "போதும்க்கா, கிளம்பு" என்றேன். அக்கா கிளம்பவில்லை. காரணம் கூடப் படிக்கிற ஒரு ஆயா. குழந்தைகள் காப்பகத்தில் வேலை பார்க்கிறவள். அடம்பிடித்து அலறும் ஒரு குழந்தையைப் பற்றி எழுதியிருந்தாள். கண்டுகொள்ளாமல் விட்டால் அலறல் முதலில் ஏறும், நிஜமாகவே ஏறும், அதைப் பார்த்துப் பயந்து விட்டுக்கொடுத்தால் போச்சு, அதைத் தாண்டினால்தான் இறங்கும் என்று.

அதன் கீழே அக்கா கேட்டிருந்தாள்: 'ஐம்பது வயதுக் குழந்தைக்கும் இப்படித்தானா?'

ஆயா பதில் போட்டிருந்தாள்: 'குழந்தைக்கு அலறல் புதுசு, சீக்கிரம் விட்டுவிடும். உங்க ஆளுக்கு ஊறிப்போயிருக்கும். நாளாகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.'

அந்த ஆயா மட்டும் என் கையில் கிடைத்திருந்தால்!

ஆனால் பாருங்கள், நிஜமாகவே கொஞ்சம் குறைந்தது. ஒரு நாள் மாமா சமையலறை வாசல் வரை வந்து, "டவல் எங்க இருக்கு?" என்று மனுஷன் மாதிரி கேட்டாராம். அக்கா உடனே எடுத்துக் கொடுத்தாளாம். போனில் இதைச் சொல்லும்போது அவள் குரலில் இருந்த சந்தோஷத்தைக் கேட்டு எனக்கு வயிறு எரிந்தது. டவலுக்கா இவ்வளவு? நான் அந்த அறையில் மறுபடியும் டயரைக் கொண்டுபோய்ப் போட வேண்டியதுதானா என்று நினைத்தேன்.

அக்கா எல்லாவற்றையும் எழுதி, எல்லோரும் பார்க்கும் அந்தப் பக்கத்தில் போட்டாள். அடையாளம் தெரியாதபடி மாற்றி எழுதச் சொல்லியிருந்தார்கள். அதனால் மாமாவைத் துணிக்கடைக்காரர் ஆக்கினாள். சாவியைக் கண்ணாடி ஆக்கினாள். மற்றதெல்லாம் அப்படியே. கடைசியில் ஒரு கேள்வி வைத்திருந்தாள்: 'கொஞ்சம் குறைந்திருக்கிறது. இது போதுமா என்று எனக்குத் தெரியவில்லை. நான் தொடரலாமா? படிப்பவர்கள் சொல்லவும்.' ஆயா தொடரச் சொன்னாள். கண்டக்டர் தொடரச் சொன்னார். ஒரு நர்ஸ், 'உங்கள் பொறுமைக்கு வணக்கம்' என்று எழுதியிருந்தாள். பொறுமையாம்! ஊரான் வீட்டுப் பொறுமை என்றால் எல்லோருக்கும் இனிக்கும்.

அந்த ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நான் அங்கே இருந்தேன். சமையலறையில் உட்கார்ந்து அக்காவும் நானும் பட்டாணி உரித்துக்கொண்டிருந்தோம். மாமா ஹாலில் கம்ப்யூட்டர் முன்னால், காதில் ஹெட்போன். இரண்டு மாதமாக ஆபீஸில் ஏதோ டிரெய்னிங் என்று சொல்லி அப்படித்தான் உட்காருவார்; யாரும் குறுக்கே போகக் கூடாது. லிஃப்டில் மாட்டிக்கொண்ட ஒரு பெண்ணிடம், 'பட்டனை அமுக்கத் தெரியாதா?' என்று வெளியே நின்று கத்தியிருக்கிறார். அவள் கம்பெனிக்குப் புகார் கொடுத்துவிட்டாள். அதற்குத்தான் இந்த டிரெய்னிங். என்ன டிரெய்னிங் என்று அவர் சொன்னதில்லை. அக்கா போனில் என்ன படிக்கிறாள் என்று அவர் ஒரு நாளும் கேட்டதில்லை. கேட்டிருந்தால் இந்தக் கதையே இல்லை.

அக்காவின் போன் அதிர்ந்தது. எடுத்துப் படித்தாள். மறுபடி படித்தாள். பிறகு என் பக்கம் நீட்டினாள். 'நிதானம்' என்ற பெயரில் யாரோ எழுதியிருந்தார்:

'கடைக்காரர்களின் புத்தியே இப்படித்தான். கல்லாவில் உட்கார்ந்து உட்கார்ந்து எல்லோரையும் கூலியாள் என்று நினைத்துக்கொள்கிறார்கள். சகோதரி, நீங்கள் செய்வது வீண்வேலை. விஷம் கொஞ்சம் குறைந்துவிட்டால் அது சாப்பாடு ஆகிவிடுமா? மனைவியை மனுஷியாக மதிக்காதவன் திருந்த மாட்டான். நானும் கோபக்காரன்தான், ஆனால் வேலையிடத்தில் மட்டும். வீட்டில் என் குரல் உயர்ந்ததே இல்லை. லிஃப்டில் கயிறு நைந்துபோனால் நாங்கள் எண்ணெய் போட்டுக்கொண்டிருக்க மாட்டோம். உள்ளே இருப்பவர்களை இறக்கிவிட்டு லிஃப்டை நிறுத்திவிடுவோம். நீங்களும் இறங்கிவிடுங்கள். தாமதிக்காதீர்கள்.'

நான் வாயைத் திறப்பதற்குள் ஹாலிலிருந்து வெடித்தது.

"ஏய்! எவ்வளவு நேரமா டீ கேட்டுக்கிட்டு இருக்கேன்! உனக்கென்ன காது செவிடா?"

அவர் அதுவரை ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. சத்தியமாகச் சொல்கிறேன், கேட்கவே இல்லை. அந்தப் பாழாய்ப்போன உபதேசத்தை எழுதி முடித்த கையோடு திரும்பிக் கத்துகிறார்!

எனக்குச் சிரிப்பு வந்தது, அதைவிட ஆத்திரம் வந்தது. எழுந்து ஹாலுக்குப் போக இருந்தேன். அக்கா என் கையைப் பிடித்து உட்கார வைத்தாள். பிறகு 'நிதானம்' என்ற பெயரைத் தொட்டு, அவர் எழுதிய செய்முறைப் பாடத்தைத் திறந்தாள். தன்னுடைய கோபத்தையே எடுத்துக்கொண்டிருக்கிறார். லிஃப்டில் மாட்டிக்கொண்ட பெண்ணின் புகாரில் ஆரம்பித்து, வேலையிடத்தில் எப்படியெல்லாம் குறைத்தார் என்று பக்கம் பக்கமாக ஒரே தற்பெருமை. வீட்டைப் பற்றி ஒரே ஒரு வரி: 'வீட்டில் பிரச்சினை எதுவும் இல்லை. என் மனைவி அமைதியானவள்; கத்துவதற்கு அவசியமே ஏற்படுவதில்லை.'

அந்த வரியில் அக்காவின் விரல் நின்றது. அவள் அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை.

"பொய் சொல்லலைடி" என்றாள். "அவருக்கு நிஜமாவே தெரியலை. தான் கத்துறது தனக்கே கேக்கலைன்னா, அது எப்படிக் குறையும்?"

ஹாலில் இன்னொரு தடவை வெடித்தது. அக்கா பால்கனிக்குப் போகவில்லை. போனில் ஏதோ தட்டினாள். எட்டிப் பார்த்தேன். 'நிதானம் அவர்களுக்கு நன்றி. மற்றவர்கள் எழுதியதில் உங்களிடமிருந்துதான் அதிகம் கற்றுக்கொண்டேன். சொன்னபடியே செய்கிறேன். – காது.'

பட்டாணியை மூடி வைத்தாள். உள்ளே போய் இரண்டு பைகளில் துணியை அடுக்கினாள். ஹால் வழியாக வரும்போது, "நான் தங்கச்சி வீட்டுக்குப் போறேங்க" என்றாள். அவர் ஹெட்போனைக்கூடக் கழற்றாமல், "போ, போ! வண்டிக்காரி வந்தாலே இதான்! டீயை வெச்சிட்டுப் போ!" என்று கத்தினார். டீ வைக்காமல் வந்தாள். வேனில் ஏறி, பள்ளிக்கூடப் பிள்ளைகள் உட்காரும் சின்ன சீட்டில் பைகளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். வழியெல்லாம் ஒரு வார்த்தை பேசவில்லை. நானும் பேசவில்லை, எனக்கு அது எவ்வளவு கஷ்டம் என்று என்னைத் தெரிந்தவர்களுக்குத் தெரியும்.

ஒன்றிரண்டு நாளில் திரும்பி வந்துவிடுவாள் என்று அவர் நினைத்திருக்க வேண்டும். வாரக் கடைசியில்தான் வந்தார். என் வேனைக் கழுவிக்கொண்டிருந்தேன். தெருமுனையிலேயே ஆரம்பித்துவிட்டார். "எவன் சொல்லிக் கொடுத்தான் உனக்கு? இத்தனை வருஷம் இல்லாத தைரியம் எங்கிருந்து வந்தது? இந்த வண்டிக்காரிதானே?" எதிர்வீட்டு ஜன்னல்கள் ஒவ்வொன்றாகத் திறந்தன. குழாயை அவர் பக்கம் திருப்பலாமா என்று கை துறுதுறுத்தது.

அக்கா வாசல் கேட்டுக்கு உள்ளேயே நின்றாள். அவர் மூச்சு வாங்க நிறுத்தும் வரை காத்திருந்தாள்.

"இவ சொல்லலைங்க. கூடப் படிக்கிறவர் ஒருத்தர் சொன்னார்."

"எவன் அவன்?"

"நிதானம்னு பேரு. கயிறு நைஞ்சுபோனா இறங்கிடணும்னு சொன்னார்."

மாமாவின் வாய் திறந்தபடி நின்றது. அவர் முகம் அப்படி ஆகி நான் பார்த்ததில்லை. பார்க்க எனக்குத் திருப்தியாக இருந்தது. இல்லை என்று நடிக்க மாட்டேன்.

"அது..." என்றார். "அது அந்தக் கடைக்காரனுக்குச் சொன்னது."

"அடையாளத்தை மாத்தி எழுதணும்னு சொன்னாங்க. அதான் கடைன்னு எழுதினேன். மத்ததெல்லாம் அப்படியேதாங்க இருக்கு."

அவர் கேட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டார். தரையைப் பார்த்தார். குழாய்த் தண்ணீர் அவர் செருப்புக்கு அடியில் ஓடியது, அதற்குக்கூடக் கத்தவில்லை. இத்தனை வருடத்தில் நான் கேட்டே இராத ஒரு குரலில், பக்கத்தில் நின்ற எனக்கே சரியாகக் காதில் விழாதபடி கேட்டார்.

"எப்ப வருவே?"

அவர் மெதுவாகக் கேட்டால் அந்த நிமிஷமே பதில் சொல்ல வேண்டும் என்பது அக்காவின் விதி. ஒரு டவலுக்கே அவ்வளவு சந்தோஷப்பட்டவள். அவள் கை கேட்டின் தாழ்ப்பாளுக்குப் போவதைப் பார்த்தேன். போச்சு, எல்லாம் போச்சு என்று நினைத்தேன்.

அக்கா தாழ்ப்பாள் சரியாகப் போட்டிருக்கிறதா என்று தொட்டுப் பார்த்துக்கொண்டாள்.

"வரமாட்டேங்க" என்றாள்.

மெதுவாகக் கேட்டதால் ஒரு நொடிகூட அவரைக் காக்க வைக்கவில்லை.