மீதியையும் கேட்கச் சொன்னவர்

போன செவ்வாய்க்கிழமை காலை ஸ்ரீவில்லிபுத்தூர் நீதிமன்ற வராந்தாவில் நின்றுகொண்டு என் குமாஸ்தாவைத் திட்டிக்கொண்டிருந்தேன். வாய்தா தேதியைத் தப்பாகக் குறித்து வைத்திருந்தார். அப்போதுதான் வக்கீல் மகேஸ்வரி போனில் கூப்பிட்டார். "அண்ணே, சுகந்தி மேடம் தவறிட்டாங்க. மதுரை ஆஸ்பத்திரில, விடியக்காலம்" என்றார். உடனே போனை வைத்துவிட்டார். முப்பது வருடமாக வாயை வைத்தே பிழைப்பவன் நான். திட்டிக்கொண்டிருந்ததைப் பாதியிலேயே விட்டுவிட்டுச் சுவரில் சாய்ந்தேன். திட்டு வாங்கிக்கொண்டிருந்த குமாஸ்தாவே ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காரவைத்தார்.

அவரைத் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். சுகந்தி மேடம் பிறந்தது வத்திராயிருப்பு. வக்கீல் தொழில் பார்த்தது ஸ்ரீவில்லிபுத்தூர். குடியிருந்தது ராஜபாளையம். கடைசிப் பன்னிரண்டு வருடம் அவர் செய்தது ஒரே வேலைதான்: வக்கீல்கள், மனநல ஆலோசகர்கள், ஆடிட்டர்கள், மகளிர் காவல் நிலையத்து அதிகாரிகள் என்று குடும்பச் சண்டைகளில் தலையிடுகிற எல்லாரையும் கூப்பிட்டு உட்காரவைத்து, வழக்கு நடத்தாமல் இரண்டு தரப்பும் கூடிப் பேசி முடிப்பது எப்படி என்று பயிற்சி கொடுத்தார். என்னைவிட ஏழு வயது இளையவர். ஆனால் அவர் முன்னால் நான் வேட்டியைச் சரிசெய்துகொண்டுதான் உட்காருவேன்.

முதலில் அவரை எதிரியாகத்தான் தெரியும். ஒரு ஜீவனாம்ச வழக்கில் என் சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்தார். குரலை உயர்த்தவே இல்லை. பத்தே நிமிடம். கூண்டிலிருந்து இறங்கியபோது, தான் யார் பக்கத்துச் சாட்சி என்பதே அந்த மனிதருக்கு மறந்துபோயிருந்தது. அப்படிப்பட்டவர் திடீரென்று கோர்ட்டுக்கு வருவதை நிறுத்திவிட்டார். வக்கீல்கள் அறையில் ஆளுக்கொரு கதை கட்டினோம். நீதிபதி தேர்வுக்குப் படிக்கிறார் என்றார் ஒருவர். வீட்டில் போகவேண்டாம் என்று சொல்லிவிட்டார்களாம் என்றார் இன்னொருவர். நான் ஒருநாள் ராஜபாளையம் பஸ்ஸில் பார்த்தபோது நேரிலேயே கேட்டுவிட்டேன்.

"நான் ஜெயிச்ச கேஸெல்லாம் ஒன்னொன்னா திரும்பி வருது சார்" என்றார். "தீர்ப்பு வந்த பொறவுதான் அவிய சண்டையே ஆரம்பிக்காக. தீபாவளிக்குப் பிள்ளை யார் வீட்டுல இருக்கணும்னு ஒரு மனு. காதுகுத்துக்குத் தாய்மாமன் வரக்கூடாதுன்னு ஒரு மனு. அப்ப நான் எதைத்தான் ஜெயிச்சேன்?"

எனக்கு அது பைத்தியக்காரத்தனமாகப் பட்டது. வழக்கு திரும்பி வந்தால் வக்கீலுக்கு நல்லதுதானே என்று சிரித்தேன். அவரும் சேர்ந்து சிரித்தார். ஆனால் இறங்கும்போது, "சனிக்கிழமை வகுப்பு இருக்கு, வாங்க" என்று சொல்லிவிட்டுத்தான் போனார்.

போனேன், வேடிக்கை பார்க்கத்தான். ராஜபாளையத்தில் ஒரு தையல் மிஷின் கடைக்கு மேலே நீளமான ஓர் அறை. வாசலிலேயே ஒரு சில்வர் தூக்குவாளியை நீட்டினார்கள், பேனாவைப் போடவேண்டுமாம். போனைக் கேட்டிருந்தால்கூட எனக்கு இவ்வளவு உறுத்தியிருக்காது. பேனா இல்லாத வக்கீல், கல்யாண வீட்டில் செருப்பைத் தொலைத்தவன் மாதிரி. எதற்கு என்று கேட்டேன். "பேனா கையில இருந்தா நீங்க காது குடுக்க மாட்டீக சார். சாட்சியம் எடுப்பீக" என்றார் மேடம்.

விட்டேனா? எங்கள் ஊர்களில் காலம் காலமாக நடக்கிற பஞ்சாயத்துக்கு வகுப்பு எதற்கு என்று எல்லார் முன்னாலும் கேட்டேன். அவர் கோபப்படவில்லை. பஞ்சாயத்தில் பெரியவர் சொல்வார், சண்டைக்காரர்கள் கேட்பார்கள். இங்கே சண்டைக்காரர்கள் சொல்லவேண்டும், நாம் கேட்கவேண்டும். அந்த வேலை நமக்குத் தெரியாது என்றார். அன்று மத்தியானம் என்னை மனைவியாகவும் மகேஸ்வரியைப் புருஷனாகவும் நடிக்கச் சொன்னார். இந்த மீசையை வைத்துக்கொண்டு! மூன்றாவது நிமிடத்தில் நான் 'புருஷனை'க் குறுக்கு விசாரணை செய்ய ஆரம்பித்துவிட்டேன். அறையே சிரித்தது. எனக்கு அசடு வழிந்தது. ஆனாலும் அடுத்த சனிக்கிழமையும் போனேன்.

அவருடைய முறையில் ஒரு கண்டிப்பான விதி உண்டு. பேச்சு தொடங்குவதற்கு முன்னால் இரண்டு வக்கீல்களும் கையெழுத்துப் போடவேண்டும். உள்ளே பேசிய எதுவும் வெளியே போகாது. பேச்சு முறிந்தால் இரண்டு வக்கீல்களும் விலகிவிட வேண்டும். அந்தக் குடும்பத்துக்காகக் கோர்ட்டில் நிற்கவே கூடாது. இதைக் கேட்டதும் பாதிப் பேர் படியிறங்கிப் போய்விட்டார்கள். மீதிப் பேரை வைத்துக்கொண்டு அவர் வேலையைத் தொடங்கினார். ராஜபாளையத்தில் பல வீடுகளில் தெலுங்கு பேசுவார்கள். ஆத்திரத்தில் வருவது வீட்டுப் பேச்சுதான் என்று, அதற்காகவே நாற்பது வயதுக்கு மேல் தெலுங்கு கற்றுக்கொண்டார்.

குறையே இல்லாதவர் என்று சொல்லமாட்டேன். பேச ஆரம்பித்தால் கடைசி பஸ் போனது தெரியாது. தான் சாப்பிடாததும் தெரியாது, நாங்கள் சாப்பிடாததும் தெரியாது.

இனி எழுதப்போவது இதுவரை வகுப்புக்கு வெளியே எங்கும் சொல்லாதது. சம்பந்தப்பட்ட இருவரிடமும் அனுமதி கேட்டு, பெயர்களை மாற்றித்தான் எழுதுகிறேன். ஆறு வருடத்துக்கு முன்பு செல்வி, முருகேசன் என்று ஒரு தம்பதி எங்கள் மேசைக்கு வந்தார்கள். செல்வி கான்சாபுரம் பக்கம் பள்ளிக்கூட ஆசிரியை. முருகேசன் செட்டியார்பட்டிக்காரர், மில் சூப்பர்வைசர். பிரிவதில் இருவருக்கும் தகராறு இல்லை. ஒன்பது வயது மகள் யாரிடம் இருப்பது என்பதில்தான் தகராறு. செல்விக்கு மகேஸ்வரி, முருகேசனுக்கு நான். நடுவில் சுகந்தி மேடம்.

மூன்றாவது அமர்வில், யாரும் கேட்காமலே செல்வி ஒன்று சொன்னார். "போன வருசம் ஒருநாள் எனக்கு ஏலாமப் போச்சு. பிள்ளைய பக்கத்து வீட்டுல விட்டுட்டு, இனிமே வரவேண்டாம்னு பஸ் ஏறிட்டேன்."

அவ்வளவுதான், என் காது விடைத்துக்கொண்டது. செல்வி மேலும் பேசிக்கொண்டிருந்தார். நான் அந்த ஒரு வரியை மனதுக்குள் எழுதிக்கொண்டிருந்தேன். தூக்குவாளி என் பேனாவைத்தான் வாங்கியிருந்தது.

நான்காவது அமர்வில் பேச்சு இழுத்துக்கொண்டு நின்றது. முருகேசனின் அண்ணன் என்னிடம் வந்து, கோர்ட்டுக்குப் போனால் பிள்ளை கிடைக்குமா என்று நச்சரித்தார். நான் கையெழுத்துப் போட்டவன், போகக் கூடாது. ஆனால் என் வக்கீல் நண்பர் ஒருவர் போகலாமே! ஒரு வக்கீல் நோட்டீஸ் நானே எழுதி, அவரிடம் கையெழுத்து வாங்கி அனுப்பினேன். 'பெண் குழந்தையைக் கைவிட்டு வீட்டைவிட்டு வெளியேறியதைத் தாங்களே ஒப்புக்கொண்டுள்ளீர்கள்' என்று ஒரு வாக்கியம். எழுதி முடித்ததும் திரும்பப் படித்து ரசிக்கவும் செய்தேன். நினைத்தால் இப்போதும் கூசுகிறது.

அந்த நோட்டீஸ் பள்ளிக்கூட முகவரிக்குப் போய், மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் செல்வியின் கையில் கிடைத்தது. அவர் சுகந்தி மேடத்துக்குப் போன் செய்து கேட்டது ஒரே கேள்வி: "பிள்ளைய எங்கிட்ட இருந்து வாங்கிருவாங்களா மேடம்?"

மறுநாள் காலை மேடம் என் அலுவலகத்துக்கு வந்துவிட்டார். நோட்டீஸில் என் கையெழுத்து இல்லை, அது நண்பருடையது என்று பதிலைத் தயாராக வைத்திருந்தேன். அவர் நோட்டீஸைப் பற்றிப் பேசவே இல்லை. செல்வி அன்றைக்குச் சொன்னதை அப்படியே சொல்லச் சொன்னார். பஸ் ஏறியது வரைக்கும் சொன்னேன்.

"பொறவு?"

"அம்புட்டுதானே மேடம்."

"பொறவு என்ன சொன்னாக?"

சத்தியமாக எனக்கு நினைவில்லை. மறைக்கவில்லை, நினைவிலேயே இல்லை. அவர்தான் சொன்னார். "'கிருஷ்ணன்கோவில் ஸ்டாப்புகூட தாண்டல. சாயங்காலம் பிள்ளைக்கு மூச்சிழுப்பு மருந்து குடுக்கணுமேன்னு ஞாபகம் வந்துச்சு. இறங்கி, எதுத்தாப்புல வந்த பஸ்ஸப் புடிச்சு வந்துட்டேன்' அப்படின்னாக. நீங்க ஒரு கை தூரத்துலதான் உக்காந்திருந்தீக சார். பாதிய எடுத்துக்கிட்டீக. மீதிய எங்க விட்டீக?"

நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. அவர் கத்தியிருந்தால் நானும் கத்தித் தப்பித்திருப்பேன். பார் கவுன்சிலுக்கு ஒரு கடிதம் போட்டிருந்தால் என் பிழைப்பே போயிருக்கும். அவர் கேட்டது மூன்று காரியம். அன்றைக்கே நோட்டீஸை எழுத்து மூலம் திரும்பப் பெறவேண்டும். நான் செய்தது என்ன என்று முருகேசனிடம் சொல்லவேண்டும். செல்வி முன்னால் உட்கார்ந்து, அவர் சொன்னதை முழுதாகத் திருப்பிச் சொல்லவேண்டும்.

முருகேசனிடம் சொன்னபோது அவர் தரையைப் பார்த்தபடி இருந்தார். "மருந்துன்னு அவ சொன்னப்பவே எனக்கு மனசு கேக்கல சார். நாந்தான் அண்ணன் பேச்சக் கேட்டுட்டேன்" என்றார். செல்வி இரண்டு மாதம் வரவில்லை. அந்த இரண்டு மாதமும் அவர் மகளைத் தனியாகப் பள்ளிக்கூடத்துக்குக்கூட அனுப்பாமல், தன் கூடவே வைத்துக்கொண்டிருந்தார் என்று மகேஸ்வரி சொன்னார். யாராவது வந்து கூட்டிக்கொண்டு போய்விடுவார்களோ என்று பயம். அந்தப் பயத்தை உண்டாக்கியவன் நான்.

பிறகு ஒருநாள் வந்தார். பஸ் ஏறியது, மருந்து ஞாபகம் வந்தது, இறங்கியது, திரும்பியது எல்லாவற்றையும் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். செல்வி நாற்காலியை என்னைவிட்டு ஒரு முழம் தள்ளிப் போட்டுக்கொண்டார். ஆனால் உட்கார்ந்தார். அடுத்த மூன்று அமர்வுகளில் எல்லாம் முடிந்தது. பள்ளி நாட்களில் அம்மாவிடம், சனி ஞாயிறும் பாதி விடுமுறையும் அப்பாவிடம். ஒப்பந்தத்தில் முதல் ஷரத்தை மேடம்தான் எழுதச் சொன்னார்: இழுப்பு மருந்து இரண்டு வீட்டிலும் இருக்கவேண்டும். இத்தனை வருடத்தில் ஒரு மனுகூடத் திரும்பி வரவில்லை.

என்னை ஒதுக்கிவிடுவார் என்றுதான் நினைத்தேன். மறு வருடம் கூப்பிட்டு, 'கேட்பது' என்ற வகுப்பை நீங்கள் எடுங்கள் என்றார். நானா என்றேன். "உங்கள மாதிரி அது யாருக்குத் தெரியும்?" என்று சிரித்தார். அன்றிலிருந்து ஒவ்வொரு பயிற்சி அணியிலும், யார் எவர் என்று சொல்லாமல் என் தப்பைச் சொல்லித்தான் வகுப்பைத் தொடங்குகிறேன். கடைசி ஒன்றரை வருடம் வாரம் இரண்டு முறை அவருக்கு டயாலிசிஸ். அதற்கு நடுவிலும் சனிக்கிழமை படியேறி வந்துவிடுவார். மூச்சு வாங்கும். செத்த நேரம் உட்கார்ந்துவிட்டு, ஆரம்பிக்கலாமா என்பார்.

புதன்கிழமை வத்திராயிருப்பில் அடக்கம். கல்லறைத் தோட்டத்தில் நல்ல கூட்டம். கோர்ட்டில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காத வக்கீல்கள் ஒரே வேனில் வந்து இறங்கினார்கள். செல்வி வந்திருந்தார். முருகேசன் வந்திருந்தார். நடுவில் பதினைந்து வயது மகள். நான் வழக்கம்போல் கொஞ்சம் ஒதுங்கி நின்றேன். செல்வியே என்னைத் தேடி வந்தார்.

"உங்ககிட்ட ஒன்னு சொல்லணும் சார். அந்த நோட்டீஸ் வந்தப்ப, இந்த வக்கீல் இருந்தா நான் அந்த ரூமுக்குள்ள கால் வைக்கமாட்டேன், ஆள மாத்துங்கன்னு மேடத்துகிட்ட ரெண்டு மாசமா சண்டை போட்டேன்."

மேடம் என்ன சொன்னார் என்று கேட்டேன்.

"'மாத்துனா வாரவரும் இதே தப்பத்தான் செய்வாரு. இவரு இனிமே ஜென்மத்துக்கும் செய்யமாட்டாரு. அதுக்கு நான் பொறுப்பு' அப்படின்னாங்க. அத நம்பித்தான் என் பிள்ளையப் பணயம் வச்சு நான் திரும்பி வந்தேன்."

எத்தனையோ பேருக்கு நான் ஜாமீன் வாங்கிக் கொடுத்திருக்கிறேன். எனக்கு ஒருவர் ஜாமீன் நின்றதை, அதுவும் ஒரு தாயிடம் நின்றதை, ஆறு வருடமாக அவர் என்னிடம் சொல்லவே இல்லை. நேரிலே சொல்லியிருந்தால் அன்றைக்கே அவர் காலில் விழுந்திருப்பேன். அதனால்தான் சொல்லவில்லையோ என்னவோ.

மண் போட வரிசையில் நின்றேன். என் முறை வந்தது. கைப்பிடி மண்ணோடு குனிந்தபோது வாய்விட்டே சொன்னேன். பக்கத்தில் நின்றவர்களுக்குக் கேட்டிருக்கும், கேட்கட்டும்.

இதுவரை செய்யவில்லை, மேடம். நீங்கள் போய் வாருங்கள்.