கட்டிலுக்கு அடியில் இருந்த பை

எட்டு வருடங்களுக்கு முன்பு, ஆரணியில், எங்கள் வீட்டுக் கூடத்தில் நடந்தது இது. தவக்காலம் தொடங்கும் சாம்பல் புதனுக்கு முந்தின நாள் எனக்கும் என் வீட்டுக்காரருக்கும் பெரிய சண்டை. அவர் பட்டுத் தறி நெய்கிறவர். எனக்குச் செய்யாரில் ஒரு கம்பெனியில் வேலை கிடைத்திருந்தது. கம்பெனி பஸ் ஏறிப் போகிறவள் குடும்பத்தை எங்கே பார்ப்பாள் என்று நாத்தனார் முன்னால் சொல்லிவிட்டார். அதைக்கூடப் பொறுத்திருப்பேன். நாத்தனார் சிரித்ததைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

அந்தத் தவக்காலத்தில் மற்றவர்கள் கறி மீனை விட்டார்கள், நாங்கள் பேச்சை விட்டோம். சோறு ஆறுகிறது என்று நான் ஃபேனைப் பார்த்துச் சொல்வேன். வருகிறேன் என்று அவர் தறியைப் பார்த்துச் சொல்வார். எனக்கும் வீம்பு கொஞ்சநஞ்சமில்லை. ஈஸ்டர் முடிந்ததும் சேத்துப்பட்டில் அம்மா வீட்டுக்குப் போய்விடுவது, திரும்பி வருவதில்லை என்று முடிவுசெய்து, துணிகளைப் பையில் அடுக்கிக் கட்டிலுக்கு அடியில் தள்ளியிருந்தேன்.

அப்போதுதான் எங்கள் கோயில் பங்குச் சாமியார், எங்கள் தெருவில் ஐந்து தம்பதிகள் ஒரு வீட்டில் கூடி ஜெபமாலை சொல்லலாம் என்றார். முதல் கூட்டம் எங்கள் வீட்டில் என்றும் அவரே சொல்லிவிட்டார். மறுக்கவா முடியும்? சனிக்கிழமை சாயங்காலம் சாமியாரோடு எல்லோரும் வந்தார்கள். பாய் எடுக்கக் கட்டிலுக்கு அடியில் குனிந்த என் வீட்டுக்காரர் வெகுநேரம் நிமிரவில்லை. பாயோடு வந்தவரின் முகத்தைப் பார்த்ததுமே, பையைப் பார்த்துவிட்டார் என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

கோயிலில் ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம். எங்கள் கூடத்தில் பாதியைத் தறி அடைத்திருந்ததால் பக்கம் பிரிக்க இடமில்லை. வேறு வழியின்றி அவர் பக்கத்திலேயே உட்கார்ந்தேன். ஜெபம் முடிந்ததும், ஞாயிறு பூசையில் பக்கத்தில் இருப்பவருக்குக் கைகூப்பிச் சமாதானம் சொல்வதுபோல இங்கேயும் சொல்லிக்கொள்ளுங்கள் என்றார் சாமியார். நான் வழக்கம்போல அடுத்த வீட்டு அக்காவைப் பார்த்துக் கைகூப்பினேன்.

"அவங்களுக்கு இல்லம்மா. உங்க வீட்டுக்காரருக்குச் சொல்லுங்க," என்றார் சாமியார்.

கல்யாணமாகிப் பதினோரு வருடத்தில் நாங்கள் ஒருவருக்கொருவர் அதைச் செய்ததே இல்லை. என் வீட்டுக்காரர் கைகூப்பினார். நான் மெழுகுவர்த்தியைச் சரிசெய்வதுபோலக் குனிந்துகொண்டேன்.

"அன்னிக்கு நான் பேசினது தப்பு," என்றார், எல்லோர் காதிலும் விழும்படி. "நீ வேலைக்குப் போ. காலைல பஸ்ஸாண்ட நானே வண்டில கொண்டாந்து உட்றேன். அந்தப் பையை மட்டும் பிரிச்சிடு."

நான் மெழுகுவர்த்தியை விட்டு நிமிர்ந்தேன். "ஆறு மணி பஸ்ஸுங்க. ஜல்தி எழுந்துக்கணும்," என்றேன். எல்லோரும் சிரித்துவிட்டார்கள். அதற்குப் பிறகுதான் கைகூப்பினேன்.

எங்கள் குடும்பச் சபை அப்படித்தான் தொடங்கியது. இன்று சேவூரிலிருந்தும் தம்பதிகள் வருகிறார்கள். முதலில் கணவனும் மனைவியும் சமாதானம் சொல்லிக்கொண்ட பிறகுதான் ஜெபம். புதிதாக வருகிறவர்கள் கூச்சத்தில் நெளியும்போது என் வீட்டுக்காரர் என்னைப் பார்த்துக் கண்ணடிப்பார். எனக்கோ, பதினோரு வருட ஞாயிற்றுக்கிழமைகளில் அக்கம்பக்கத்தில் எல்லோருக்கும் சமாதானம் சொல்லிவிட்டு, சொல்ல வேண்டியவரிடம் மட்டும் சொல்லாமலே வீடு திரும்பியதை நினைத்து இன்றும் வெட்கமாக இருக்கிறது.