ஜீவா கையில் துடைப்பம்

மாலை வகுப்பில் சுண்டல் அவிக்கிறது சுலபம், அதைத் தின்கிற பிள்ளைங்களைச் சமாளிக்கிறதுதான் பேஜாரு. என்னை மாதிரி கரண்டி பிடிக்கிறவங்களுக்கு இது புரியும். அப்பா அம்மா கம்பெனியிலிருந்து திரும்புற வரைக்கும் பிள்ளைங்க எங்ககிட்டதான். புதுசா வந்த மிஸ், ஆம்பளப் பிள்ளை வேலை, பொம்பளப் பிள்ளை வேலைன்னு இங்க எதுவும் கிடையாதுன்னுட்டாங்க. அதனால மூணாவது படிக்கிற ஜீவாவை அவன் அப்பா வகுப்பிலேர்ந்தே நிறுத்துற வரைக்கும் போயிடுச்சு.

இட்லி லைன், தோசை லைன்

சுண்டலுக்குப் பசங்க தனி, பொண்ணுங்க தனின்னு நிக்க வேணாம், காலையில் இட்லி தின்னவங்க இந்தப் பக்கம், தோசை தின்னவங்க அந்தப் பக்கம்னாங்க மிஸ். எல்லாரும் ஓடிட்டாங்க. ஜீவா மட்டும் தட்டோட நடுவுல நிக்கிறான். இன்னாடான்னு கேட்டேன்.

"நான் இட்லி தாத்தா. அக்கா மிச்சம் வச்ச தோசையும் நான்தான் துன்னேன். ரெண்டு லைன்லயும் நின்னுக்கவா?"

பெஞ்சு

பெஞ்சை நகர்த்தணும்னா "டேய் பசங்களா"ன்னுதான் எனக்கு வாயில வரும். ஒரு நாள் பசங்க வர்றதுக்குள்ள, அஞ்சாவது படிக்கிற யாமினி ஒரு முனையைத் தூக்கிட்டா. கையில பட்டுடப் போவுதும்மா, பசங்க வரட்டும்னேன். அவ கீழே வைக்கல.

"எங்கம்மா சிலிண்டரையே தூக்கினு மாடி ஏறுது. நீ இன்னா தாத்தா, பெஞ்சுக்குப் போய் ஆள் தேடுற? அந்தாண்ட முனையப் புடி."

துடைப்பம்

பெருக்குறதுக்கும் மிஸ் முறை வச்சாங்க. ஜீவா முறை வந்த அன்னிக்குப் பார்த்து, அவன் அப்பா தேர்வாய் கண்டிகை கம்பெனியில ஷிப்ட் முடிஞ்சு நேரா வந்து நிக்கிறாரு. ஆம்பளப் பிள்ளை கையில துடைப்பமா, நாளையிலேர்ந்து இவன் வரமாட்டான்னுட்டாரு. வகுப்புக்கு வராம நின்னுட்டா, அப்பா அம்மா வர்ற வரைக்கும் பூட்டின வீட்டுல தனியா கிடக்கணும். ஜீவா மூஞ்சி செத்துப்போச்சு. ஆனா கை நிக்கல; குப்பையை நாலு பக்கமும் தள்ளிக்கினே இருந்தான்.

அவருக்குக் கண்ணு குப்பை மேலயே. பல்லைக் கடிச்சுக்கினு நின்னவரு, மூலையிலேர்ந்து வாடான்னாரு. அவன் மூலையை விட்டுட்டான். பொறுக்க முடியாம துடைப்பத்தைப் பிடுங்கி, பெஞ்சுக்கடியில, கதவுக்குப் பின்னாலன்னு ஒரு தூசி விடாம பெருக்கிக் குவிச்சாரு. பிள்ளைங்க கை தட்டுச்சுங்க. எங்க கத்துக்கினீங்கன்னு கேட்டேன். கம்பெனியில ஷிப்ட் முடிஞ்சா அவங்கவங்க மெஷினாண்ட அவங்கவங்கதான் பெருக்கணுமாம், சூப்பர்வைசர் விரலால தடவிப் பார்ப்பாராம். ஜீவா வாயைப் பொளந்துக்கினு நின்னான். அவரு துடைப்பத்தை அவன் கையிலேயே திருப்பிக் குடுத்துட்டு, என் காதாண்ட வந்தாரு.

"நாளைக்கும் அனுப்புறேன். ஆனா நான் பெருக்குனத மட்டும் இவங்கம்மாவாண்ட சொல்லிடாதீங்க பெரியவரே. ஊட்லயும் முறை வச்சிடும்."

பட்டாணி ஒரு ராத்திரியில ஊறிடுது, அப்பாமாருங்க ஊறத்தான் கொஞ்சம் நேரம் புடிக்குது.