பிரீதர் குழாய்க்குள் அடைத்த துணி

கராஜ் பாஸ் குறட்டால் கவ்வி இழுத்தபோது துணி முழுதாக வரவில்லை. ஒயிலில் ஊறிக் கறுத்து, நூல் நூலாகப் பிய்ந்து வந்தது. என் பழைய சாரத்தின் கரைத்துண்டு. அதன் கோடு எனக்குத் தெரிந்தது. பக்கத்தில் நின்ற மச்சானுக்கும் தெரிந்திருக்கும்.

மச்சான் என் ராத்தாவின் கணவர். கல்முனையிலிருந்து அம்பாறை ஆஸ்பத்திரிக்கு நோயாளிகளை ஏற்றிப் போவதுதான் அவருடைய பிழைப்பு. பழைய கார், நின்ற இடமெல்லாம் ஒயில் சொட்டும். அடுத்தவர் வளவுக்குள் காரை எடுக்குமுன் இறங்கி, கூட்டிய மணலில் ஒரு காட்போட் மட்டையை விரித்துவிட்டு வருவார். எனக்கு அந்த மட்டை வெட்கமாக இருந்தது. கெம்பஸ் லீவில் நின்ற நான், வீடியோக்கள் பார்த்தே இஞ்சினைக் கரைத்துக் குடித்துவிட்டதாக நினைத்திருந்தேன்.

"ஒரு சொட்டு விழாமச் செஞ்சு தாறன் மச்சான்."

"ஓம் இஞ்சினியர், செய்யுங்க" என்று சாவியைத் தந்தார்.

கெஸ்கட்டை மாற்றினேன். ஆனால் பிரீதர் குழாய் கழன்று தொங்கி, இஞ்சினுக்குள் சேரும் புகையைக் காருக்குள் விட்டுக்கொண்டிருந்தது. அந்த மணத்துக்கு நோயாளிகள் சத்தி எடுத்தார்கள். புதுக் குழாய் வரும்வரைக்கும் என்று துணியைத் திணித்தேன். மணம் நின்றது, ராத்தா மெச்சினா, நான் குழாயை மறந்தேன். வெளியேற வழியில்லாத புகை ஒவ்வொரு சீலாலும் ஒயிலைத் தள்ளியது. ஒழுக்கு கூடக்கூட நான் சீல்களையே மாற்றிக்கொண்டிருந்தேன். ஒருநாள் சம்மாந்துறை தாண்டி, வயல்வெளியில், இரத்தம் சுத்திகரிக்கப் போன ஒரு தாயோடு, ஒயில் வற்றி இஞ்சின் இறுகி நின்றது. மச்சான் வெயிலில் நின்று கைகாட்டி, அவவை பஸ்ஸில் ஏற்றினார்.

"எந்த மடயன் இதுக்குள்ள சீலத்துணிய அடச்ச?" என்றார் பாஸ்.

நான் வாய் திறக்குமுன் மச்சான் முந்திக்கொண்டார். "நான்தான் பாஸ். மணம் தாங்க ஏலாமப் போச்சு."

"ஒங்கட மூக்கையும் வாயையும் பொத்தினா எத்தின நிமிசம் இருப்பீங்க?"

கராஜே சிரித்தது. மச்சானும் சிரித்தார். நானும் சிரித்தேன்.

கார் பழைய இரும்புக்குப் போனது. மச்சான் கட்டாருக்கு லொறி ஓட்டப் போனார். "ராத்தாட்ட ஒண்டும் கதைக்காத. அவட கண்ணுக்கு நீதான் படிச்ச புள்ள" என்று சொல்லிவிட்டுப் போனார். கராஜ் கதை ராத்தாவுக்கு எட்டியபோதும் நான் கதைக்கவில்லை. அவர் சொல்லைக் காப்பதாக நினைத்துக்கொள்வது வசதியாக இருந்தது.

போன வெள்ளிக்கிழமை மச்சான் வீடியோ கோலில் வந்தார். அவருடைய மகள் கார் படம் கீறிக் காட்டினாள்.

"வாப்பாட்டக் காட்டாத மகள். இருந்த காரையே சீலத்துணி அடச்சுக் கொன்ட மனிசன். மாமாட்டக் கேளு" என்றா ராத்தா.

பிள்ளை என்னிடம் திரும்பினாள். "மெய்யா மாமா? வாப்பாவா காரப் பழுதாக்கின?"

போனுக்குள் மச்சான் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் ஓம் என்று தலையாட்டினேன்.

"நெட் சரியில்ல மகள், பிறகு எடுக்கன்" என்றார் அவர். போனில் அவர் முகம் துலக்கமாகத்தான் இருந்தது.