லெமுவேல் தனியாகப் பாடிய ஒன்பது நாட்கள்

லெமுவேல் பெட்வேயின் மூக்கு மூன்று முறை உடைந்தது. மூன்று முறையும் உடைத்தவன் அவனுடைய அண்ணன் ஓசெல்.

அப்பா இறந்தபோது லெமுவேலுக்கு ஏழு வயது, ஓசெலுக்குப் பதினேழு. தம்பிக்குச் சாப்பாடு போட்டதும் பாட்டுச் சொல்லிக்கொடுத்ததும் அவன்தான். சர்ச்சில் சுருதி விலகினால் வீட்டில் பெல்ட்டைக் கழற்றுவான். வளர்ந்த பிறகு ‘பெட்வே சகோதரர்கள்’ என்ற பெயரில் இருவரும் அமெரிக்காவின் மெம்பிஸ் நகரக் கிளப்புகளில், சர்ச் பாட்டிலிருந்து பிறந்த ‘சோல்’ இசையைப் பாடினார்கள். நான் டிரம்ஸ் வாசித்தேன்.

கடைசிப் பாட்டில் ஒரு பெண்ணுக்காக அண்ணனும் தம்பியும் சண்டை போடுகிற கட்டம் வரும். ஓசெல் ஓங்கி அறைவான். லெமுவேல் சுருண்டு விழுவான். கூட்டம் நாற்காலிமேல் ஏறிக் கத்தும். எல்லோரும் அதை நடிப்பு என்றே நினைத்தார்கள். விழுந்தவன் ரத்தத்தைத் துப்பிவிட்டு எழுந்து பாடுவது பின்னால் உட்கார்ந்திருந்த எனக்கு மட்டும் தெரியும்.

“நான் அடிக்கிறப்ப நீயும் சிம்பல் தட்டுல ஒண்ணு போடு. ஜனங்களுக்குப் பிடிக்கும்” என்று ஓசெல் சொல்லியிருந்தான். போட்டேன். ஆறு வருஷம் போட்டேன்.

1969 ஜனவரியில் ஒரு சனிக்கிழமை, ஓசெல் மைக்காலேயே அடித்தான். லெமுவேலின் காது பாதி கிழிந்து தொங்கியது. இன்னொரு தடவை அடிக்கச் சொல்லிக் கூட்டம் கைதட்டியது.

திங்கள் காலை, காதில் ஏழு தையலோடு என் வீட்டு வாசலில் நின்றான் லெமுவேல்.

“டாலிவர் ஸ்டுடியோல தனியா ஒரு ஆல்பம் பாடப் போறேன். வாசிக்கிறியா?”

“உங்கண்ணனுக்குத் தெரியுமாடா?”

“தெரியுறப்போ தெரியட்டும். ஆனா ஒண்ணு. நான் அடி வாங்குறப்போ அவனுக்குத் தாளம் போட்டவன் நீ. அதை நான் மறக்கல.”

டிரம்ஸ் குச்சிகளை எடுத்துக்கொண்டு அவனோடு போனேன்.

ஒலிப்பதிவின் நான்காம் நாள் மதியம், ஐந்து பாட்டு முடிந்திருந்தது. டயர் கழற்றும் இரும்புக் கம்பியோடு ஓசெல் உள்ளே நுழைந்தான். முதலில் கண்ணாடித் தடுப்பு நொறுங்கியது. தடுக்க வந்த ஸ்டுடியோ முதலாளி டாலிவரின் தோளெலும்பு முறிந்த சத்தம் எனக்குக் கேட்டது.

“நான் இல்லாம பாடுவியாடா நீ? வாயைத் தொறந்து காட்டுடா!”

“அண்ணே, கம்பியக் கீழ போடு.”

கம்பி லெமுவேலின் விலாவில் இறங்கியது. மடங்கி விழுந்தவன் மைக் ஸ்டாண்டைப் பிடித்துக்கொண்டு எழுந்தான். அதன் அடிப்பாகம் வார்ப்பிரும்பு. அதைத் தலைகீழாகத் திருப்பி அண்ணனின் முழங்காலில் அடித்தான். ஓசெல் விழுந்தான். லெமுவேல் நிறுத்தவில்லை. அதே முழங்காலில் இரண்டாவது அடி, மூன்றாவது அடி. அவன் முகத்தில் கோபம்கூட இல்லை. விறகு பிளப்பவன் போலிருந்தான். நான் பின்னாலிருந்து கட்டிப் பிடித்து இழுக்க வேண்டியிருந்தது.

“போதும்டா, செத்துருவான்!”

“இவன் என்னிக்காவது போதும்னானா?”

ஆஸ்பத்திரியில் போலீஸ் கேட்டபோது, படியில் விழுந்ததாக ஓசெல் சொன்னான். டாலிவரும் அதை மறுத்துப் பேசவில்லை.

லெமுவேலுக்கு இரண்டு விலா எலும்பு முறிந்திருந்தது. மார்பில் துணியை இறுக்கிச் சுற்றிக்கொண்டு லெமுவேல் மீதி ஐந்து பாட்டையும் ஒன்பதாம் நாளுக்குள் பாடினான். ஒரே மூச்சில் வரி முடியாது. நடுவில் நின்று, வலியை விழுங்கிவிட்டுத் தொடர்வான்.

மே மாதம் ஆல்பம் வந்தது. கோடை முழுக்க மெம்பிஸில் அதைப் போடாத பார்பர் கடை இல்லை. சிகாகோவிலும் டெட்ராய்ட்டிலும் இசைத்தட்டு தீர்ந்து, மறுபடி அச்சடித்தார்கள். காதலின் விம்மலை வரிகளுக்கு நடுவே கேட்கிறோம் என்று ஒரு பத்திரிகை எழுதியது. அதைப் படித்துக் காட்டினேன்.

“காதலாவது ஒண்ணாவது! மூச்சு விட்டா உயிர் போச்சு” என்றான்.

செப்டம்பரில் ஓசெலின் மனைவி நேடீன் ஒரு ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டாள். தனியாகப் போகமாட்டேன் என்று லெமுவேல் என்னையும் அழைத்துப் போனான். பொரித்த மீனும் சோள ரொட்டியும் இருந்தன. ஓசெலின் கால் மடங்காமல் மேஜைக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தது.

“உன் ஆல்பத்தைக் கேட்டேன். மூணாவது பாட்டுல சுருதி இறங்குது” என்றான்.

“ஆமாண்ணே.”

“மத்ததெல்லாம் நல்லாருக்கு.”

சொல்லிவிட்டு, உப்புக்காகத் தம்பி பக்கம் கையை நீட்டினான். லெமுவேலின் இரண்டு கைகளும் சட்டென்று எழுந்து முகத்தை மூடிக்கொண்டன. முப்பது வயது ஆள், ஊரே கொண்டாடும் பாடகன், நாற்காலியில் ஒடுங்கி உட்கார்ந்திருந்தான். ஓசெலின் கை அந்தரத்திலேயே நின்றது. அவன் அதைப் பின்னிழுத்து மடியில் வைத்துக்கொண்டான். அதன்பின் உப்பைத் தொடவேயில்லை.

அவர்கள் மறுபடி ஒரே மேஜையில் உட்காரவில்லை. ஓசெல் பஞ்சுக் கிடங்கில் வாட்ச்மேனாக இருந்து இறந்தான். அடக்கத்தில் லெமுவேல் பாடினான். ஒரு வரியிலும் சுருதி விலகவில்லை.