சுவிட்ச் ரூமுக்கு மட்டும் வேண்டாம் என்றேன்

எழுபதுகளின் நடுவில் நடந்தது இது. பாலக்காட்டுப் பக்கத்துச் சித்தூரிலிருந்து மீனாட்சிபுரம் போகிற பாதையில் இருந்த ஒரு நூற்பாலையில் அப்போது நான் எலக்ட்ரிகல் ஃபோர்மேன். பதினான்கு வருட சர்வீஸ். எந்த மோட்டார் எந்தச் சத்தத்தோடு ஓடும் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். அந்தத் திமிரும் கொஞ்சம் இருந்தது.

அந்த வருடம் இன்சூரன்ஸ்காரர்கள் வந்து பார்த்துவிட்டு, மில் முழுவதும் ஸ்பிரிங்க்ளர் போட வேண்டும் என்று எழுதிக் கொடுத்தார்கள். கூரைக்கு அடியில் தண்ணீர்க் குழாய் ஓடும். பத்தடிக்கு ஒன்றாக அதில் பித்தளை மூக்குகள் இருக்கும். ஒவ்வொரு மூக்கையும் ஒரு சின்னக் கண்ணாடிக் குமிழ் அடைத்துக்கொண்டிருக்கும், குமிழுக்குள் சிவப்பாக ஒரு திரவம். கீழே தீப்பிடித்துச் சூடு ஏறினால் குமிழ் உடைந்து தண்ணீர் கொட்டும்.

கோயமுத்தூர் காண்டிராக்டர் அனுப்பிய ஆட்களுக்குத் தலைமையாக ஒரு ஃபிட்டர் வந்தார். முப்பது வயது இருக்கும், என்னைவிடப் பத்து வயது சிறியவர். சின்னக்கானல் பக்கம் தேயிலை எஸ்டேட்டில் பிறந்து வளர்ந்தவர். அதிர்ந்து பேசமாட்டார். ஞாயிற்றுக்கிழமைகளில் சித்தூருக்குப் பஸ் ஏறி மாதாகோயிலுக்குப் போய்விட்டு, மத்தியானமே வந்து குழாயைத் தூக்கிவிடுவார்.

ஒரு நாள் கையில் சாக்பீஸோடு என் சுவிட்ச் ரூமுக்குள் நுழைந்து, ஏணி போட்டுக் கூரையில் குறி வைக்க ஆரம்பித்தார். நான் கையை நீட்டித் தடுத்தேன்.

"இங்க வேண்டாமுங்க தம்பி. நானூத்தி நாப்பது வோல்ட்டு ஓடற போர்டு. அதுக்கு மேல தண்ணிக் குழாயக் கொண்டாந்து வெச்சா நாங்க உசுரோட இருக்கறதா இல்லீங்களா?"

அவர் ஏணியிலிருந்து இறங்கி நிதானமாகவே பதில் சொன்னார். "எல்லா மூக்கும் ஒண்ணாத் தொறக்காது சார். எதுக்கு அடியில தீயோ அது மட்டுந்தான் தொறக்கும். அந்த அளவுக்குச் சூடு வந்துட்டுன்னா, தண்ணி விழுறதுக்கு முன்னாலயே உங்க போர்டு கருகியிருக்கும்."

எனக்கு அது விளங்கவில்லை என்பதுதான் உண்மை. ஆனால் விளங்கவில்லை என்று சொல்ல மனம் வரவில்லை. "கரண்டப் பத்தி எனக்குத் தெரியுமுங்க" என்று சொல்லிவிட்டு நேராக மேனேஜரிடம் போனேன். பதினான்கு வருடம் ஒரு விபத்துகூட நடக்கவிட்டதில்லை என்பதை இரண்டு முறை சொன்னேன்.

மேனேஜர் ஃபிட்டரை அழைத்துக் கேட்டார். அவர் பிடிவாதம் பிடிக்கவில்லை. அந்த அறையை விட்டுவிடலாம், ஆனால் சில காரியங்கள் செய்தாக வேண்டும் என்றார். செங்கல் சுவர் இடைவெளி இல்லாமல் கூரை வரைக்கும் போக வேண்டும். இரும்புக் கதவு எப்போதும் சாத்தியிருக்க வேண்டும். கேபிள் வெளியேறுகிற துவாரத்தை சிமென்ட் வைத்து அடைக்க வேண்டும். "அப்புறம், போர்டைத் தவிர உள்ள ஒரு துணித்துண்டு கூட இருக்கப்படாது சார்" என்று என்னைப் பார்த்துச் சொன்னார். எல்லாவற்றுக்கும் தலையை ஆட்டினேன். ஜெயித்துவிட்ட சந்தோஷத்தில் எதை ஒப்புக்கொள்கிறோம் என்றுகூட நான் சரியாகக் கேட்கவில்லை.

அறைக்கு வெளியே வராந்தாவில், கதவுக்கு நேராக ஒரு மூக்கு வைத்தார். கேபிள் துவாரம் திறக்கிற, பஞ்சைச் சிக்கெடுக்கும் கார்டிங் பகுதியில், அந்தச் சுவரை ஒட்டி இரண்டு வைத்தார். இவ்வளவு எதற்கு என்று நான் கேலி பேசினேன். அவர் குழாயை முறுக்கிக்கொண்டிருந்தார். போகிற அன்று மட்டும், துவாரத்தில் தற்காலிகமாக அடைத்திருந்த சாக்கைக் காட்டி, "இத எடுத்துட்டு சிமென்ட் வச்சிருங்க சார், மறந்துராதீங்க" என்றார். நாளைக்கே கொத்தனாரைக் கூப்பிடுகிறேன் என்றேன்.

கொத்தனாரைக் கூப்பிடவேயில்லை.

அடுத்த மழைக்காலத்தில் ஸ்டோர் ஒழுகியது. நூல் சுற்றும் கூம்புகள் வந்த அட்டைப்பெட்டிகளை நனையாத இடமாகப் பார்த்து வைக்கச் சொன்னார்கள். சுவிட்ச் ரூமில் வைத்தேன். அப்புறம் ஒரு வார்னிஷ் டின் வந்தது. என் ஆட்களின் குடைகளும் துண்டுகளும் வந்தன. கூட்டிப் பெருக்குகிற அக்கா விளக்குமாறு வைக்க இடம் கேட்டார், அறையின் கோடி மூலையைக் காட்டினேன். உள்ளே புழுக்கமாக இருந்ததால் இரும்புக் கதவுக்கு ஒரு செங்கல்லை முட்டுக் கொடுத்துத் திறந்தே வைத்தோம். இதில் எதுவும் எனக்குத் தெரியாமல் நடக்கவில்லை.

ஒரு முற்பகல் பதினொரு மணி இருக்கும். பஞ்சு அடிக்கும் பகுதியில் ஒரு மோட்டாரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மெஷின்களின் சத்தம் ஒரு நொடி தடுமாறியது. திரும்பிப் பார்த்தால் வராந்தாவில் புகை. போர்டில் ஏதோ ஒரு சுவிட்சில் பொறி கிளம்பி அட்டைப்பெட்டியில் விழுந்திருக்கிறது. பெட்டிகள் இருந்தது கதவுப் பக்கம். விளக்குமாறு எடுக்கப் போன அக்கா உள்மூலையில் மாட்டிக்கொண்டார்.

அவருடைய அலறல் கேட்டது. ஆனாலும் நான் அவரை நோக்கி ஓடவில்லை, எதிர்த்திசையில் ஓடினேன். வெளியே டிரான்ஸ்ஃபார்மர் பக்கத்தில் இருந்த மெயின் சுவிட்சை இறக்காமல் யாரும் அந்த அறைக்குள் போக முடியாது. போய்த் திரும்ப ஒரு நிமிஷம் ஆகியிருக்கும். அந்த நேரம் முழுக்க அவர் குரல் என் முதுகுக்குப் பின்னால் கேட்டுக்கொண்டே இருந்தது.

திரும்பி வந்தபோது வராந்தா மூக்கு உடைந்து, கதவுக்கு நேராகத் தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது. மெயினை நானே என் கையால் இறக்கியிருந்தும், அந்தத் தண்ணீரில் கால் வைக்காமல் நின்றேன். பக்கத்தில் நின்ற எண்ணெய் போடும் தொழிலாளி கேட்டார்: "கரண்டு நின்னுருச்சுங்களா?"

"நின்னுருச்சு."

அவ்வளவுதான். இரண்டு சாக்கைத் தண்ணீரில் நனைத்து, ஒன்றை என்மேல் வீசிவிட்டு அவர் முதலில் நுழைந்தார். நான் பின்னால் போனேன். தரையோடு தரையாகத் தவழ்ந்து போய், சுருண்டு கிடந்த அக்காவைச் சாக்கில் சுற்றி இழுத்து வந்தோம். கதவைத் தாண்டியதும் அந்தத் தண்ணீர் எங்கள் மூவர் மேலும் கொட்டியது. அக்காவுக்கு நினைவு இருந்தது. வலது கை முழங்கை வரைக்கும் வெந்திருந்தது.

அதற்குள் கேபிள் துவாரத்துச் சாக்கு எரிந்து, தீ கார்டிங் பகுதிக்குள் எட்டிப் பார்த்திருக்கிறது. அங்கே தரையெல்லாம் பஞ்சுத் தூசி. ஐம்பது அறுபது பேர் வேலையில் இருந்தார்கள், பாதிக்கு மேல் பெண்கள். சுவரை ஒட்டியிருந்த இரண்டு மூக்குகளும் திறந்து, தீயை அந்த இடத்திலேயே நிறுத்திவிட்டன. எல்லோரும் நடந்தே வெளியே வந்தார்கள். பாலக்காட்டிலிருந்து தீயணைப்பு வண்டி வரும்வரை எரிந்துகொண்டிருந்தது என் சுவிட்ச் ரூம் மட்டும்தான். போர்டு கரிக்கட்டை ஆகியிருந்தது.

எல்லாம் அடங்கிய பிறகு வராந்தாவில் நின்று மேலே பார்த்தேன். உடைந்த மூக்குக்குப் பத்தடி தள்ளி அடுத்த மூக்கு. அதன் சிவப்புக் குமிழ் அப்படியே இருந்தது. மில் முழுவதிலும் திறந்தவை மூன்றே மூன்று.

மூன்றாம் நாள் சித்தூர் ஆஸ்பத்திரிக்குப் போனேன். அக்கா கட்டுப்போட்ட கையோடு எழுந்து உட்காரப் பார்த்தார். படுங்க என்றேன். படுக்காமலே கேட்டார்.

"ஏனுங்க, நான் வெளக்குமாத்த அங்க வெச்சதுனாலதான் இப்படி ஆயிப்போச்சுங்களா?"

"இல்லீங்க அக்கா. தப்பு முச்சூடும் என்னுதுங்க" என்றேன். அவர் நம்பினாரா என்று தெரியாது. அங்கிருந்து நேராக மில்லுக்கு வந்து, மேனேஜரிடம் பெட்டி, கதவு, சிமென்ட் எல்லாவற்றையும் ஒன்று விடாமல் சொன்னேன். ஃபோர்மேன் பொறுப்பிலிருந்து ஒரு வருடம் இறக்கி வைத்தார்கள். அது நியாயம்தான்.

உடைந்த மூக்குகளை மாற்ற அதே ஃபிட்டர் வந்தார். என்ன சொல்வாரோ என்று வாசலில் தயங்கி நின்றேன். அவர் முதலில் கேட்டது, "அந்தக்கா இப்ப எப்படி இருக்காங்க?" என்றுதான். கை ஆறி வருகிறது என்றேன். கருகிய துவாரத்தைக் குனிந்து பார்த்தார். "அன்னிக்கே நான் நின்னு அடைச்சுட்டுப் போயிருக்கணும் சார். எம் மேலயும் தப்பு இருக்கு" என்றார்.

ஒரு குற்றமும் செய்யாத இரண்டு பேர் ஆளுக்கொரு பங்காக என் தவறை எடுத்துக்கொள்ளப் பார்த்தார்கள். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

"இந்த ரூமுக்குள்ளயும் போட்டுருங்க தம்பி" என்றேன். அவர் ஏணியைச் சாத்தினார். நான் பிடித்துக்கொண்டேன்.

வேண்டாம் என்று விலக்குக் கேட்டு வாங்குகிறவன், அதோடு வருகிற பொறுப்பையும் சேர்த்தே வாங்குகிறான் என்பது எனக்குப் புரிய, ஒரு பெண்ணின் கை வேக வேண்டியிருந்தது. இத்தனை காலத்துக்குப் பிறகும் அதை நினைத்தால் எனக்கு வெட்கமாகத்தான் இருக்கிறது.